பிளாட்டில் ஹெச்எஃப் ஆன்டெனா: கம்பி, லூப், குச்சி மூன்றையும் கட்டிப் பார்த்த பிறகு

எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில், நான்கு மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. பால்கனி கிழக்குப் பார்த்தது, மூன்று மீட்டர்கூட முழுதாக வராது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அதில் தண்ணித் தொட்டி, லிஃப்ட் அறை, டிடிஹெச் குடைகள், துணிக்கொடிகள், இரண்டு வீட்டுக்காரர்கள் போட்ட சோலார் பலகைகள் எல்லாம் போக மூலைக்கு மூலை இழுத்தால் பதினான்கு பதினைந்து மீட்டர் தேறும். நகரத்தில் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ, லைசென்ஸ் வாங்கி ஹெச்எஃப் எனும் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் பேச நினைக்கும் பலருடைய நிலைமை இதுதான். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சாதாரண டைபோல் (நடுவில் கேபிள் இணைக்கும் கம்பி ஆன்டெனா) கட்ட வேண்டும் என்றால் 143-ஐ 7.1-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 20 மீட்டர் சொச்சம் வரும். அந்த நீளத்துக்கு இரண்டு பக்கமும் கம்பம், நடுவில் தொங்கும் கேபிளுக்கு இடம், எல்லாம் வேண்டும். இடமில்லை என்பதற்காகவே ரிக்கை, அதாவது ரேடியோவை, அட்டைப்பெட்டியை விட்டு எடுக்காமல் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று வகை. மொட்டை மாடியில் ரிக்கின் சிக்னலை ஒரு முனையிலிருந்து ஊட்டும், அலைநீளத்தில் பாதி நீளமுள்ள அரை அலைக் கம்பி, நாம் எண்ட்ஃபெட் என்று சொல்வது. பால்கனியில் நிற்க வைக்கும் மேக்னெடிக் லூப். பால்கனி கிரில்லில் மாட்டும், காயில் (கம்பிச் சுருள்) வைத்த குச்சி ஆன்டெனா. மூன்றுக்கும் ஒரே 100 வாட் ரிக், ஒரே வீடு. மொட்டை மாடி கொஞ்சமாவது கிடைத்தால் கம்பிதான், அதிலும் காசை எண்ட்ஃபெட் பெட்டியின் பிராண்ட் பெயருக்குக் கொடுக்காமல் ஃபெரைட் என்ற காந்தப் பொருளில் செய்த வளையங்களுக்குக் கொடுங்கள் என்பது என் முடிவு. ஏன் என்பதுதான் மீதி.

எண்ட்ஃபெட் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். ஒரு ஃபெரைட் வளையம், அதன் மேல் சுற்றிய எனாமல் கம்பி, 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, கேபிள் மாட்டும் சாக்கெட். அரை அலைக் கம்பியை நடுவில் வெட்டி ஊட்டினால் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கான தடை, ஐம்பது எழுபது ஓம் வரும், முனையில் ஊட்டினால் இரண்டாயிரத்துக்கும் மேலே போய்விடும், ரிக்குக்கு வேண்டியதோ 50 ஓம். ரிக் பக்கம் 2 சுற்று, கம்பி பக்கம் 14 சுற்று, அதாவது ஏழு மடங்கு, இம்பீடன்ஸில் அதன் வர்க்கம் 49. பெட்டி மேல் 49:1 என்று போட்டிருப்பது இதுதான். 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) வெட்டிய 20 மீட்டர் நீளக் கம்பி அப்படியே 20, 15, 10 மீட்டர் பேண்டுகளிலும் வேலை செய்யும், ஏனென்றால் அவை 7 மெகாஹெர்ட்ஸின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகள், முனையில் இம்பீடன்ஸ் அப்போதும் உயரமாகவே இருக்கும். ட்யூனர் இல்லாமல் ஒரே கம்பியில் நான்கு பேண்ட். பிளாட்டில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை, ஏனென்றால் கேபிள் நடுவானத்தில் தொங்க வேண்டியதில்லை, லிஃப்ட் அறைச் சுவரில் பெட்டியை மாட்டி, கம்பியை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினால் போதும்.

நான் ஆன்லைனில் வாங்கிய பெட்டியின் உள்ளே வேலை சுத்தமாகத்தான் இருந்தது. வளையம் எஃப்டி240-43, அதாவது 2.4 இஞ்சு விட்டம், 43 என்ற கலவை. 100 வாட்டுக்கு இது ஒன்று போதும் என்று எழுதியிருப்பார்கள். எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் பேசும்போது போதும்தான். கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைப் போட்டால் கதை வேறு, ஒன்றுவிட்டு ஒரு 15 விநாடியில் 12.6 விநாடி முழு பவர் தொடர்ந்து போகும், அரை மணி நேரத்தில் வளையம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி எஸ்டபிள்யூஆர் (ரிக்குக்குத் திரும்பி வரும் பவரைக் காட்டும் அளவு) மெல்ல மெல்ல ஏறும். நம் ஊர் மே மாத வெயிலில், மூடிய கறுப்புப் பெட்டியில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எஃப்டி8-க்கு நான் 30 வாட்டைத் தாண்டுவதில்லை, அதற்கே ஜப்பானும் ஐரோப்பாவும் வருகின்றன. தொடர்ந்து 100 வாட் விடுகிறவர்கள் இரண்டு வளையங்களை ஒட்டி வைத்துச் சுற்றிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன வளையம் வைத்துவிட்டு 100 வாட் என்று அச்சடித்த பெட்டிகளும் சந்தையில் உண்டு. உள்ளே என்ன வளையம், எந்தக் கலவை என்று விற்பவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

பெட்டியின் மூடிதான் பிரச்சினை. ரப்பர் வளையம் இல்லை, வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய மழைக்கே உள்ளே தண்ணீர் இறங்கி, சாக்கெட்டின் உள்முனையில் பச்சை பூத்துவிட்டது. விற்றவரிடம் சொன்னபோது அது வெயில் நாட்டுக்கான பெட்டி என்று பதில் வந்தது, எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. விளம்பரத்தில் வெளியில் வைக்கலாம் என்றுதான் போட்டிருந்தது. இப்போது மூடியைச் சுற்றி சிலிக்கான் சீலன்ட் பூசி, அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை போட்டு, சாக்கெட்டை வானத்தைப் பார்த்தவாறு வைக்காமல் தரையைப் பார்த்து வைத்திருக்கிறேன். பிஎல்259 கனெக்டரைச் சுற்றி, இழுத்து ஒட்டினால் ரப்பர் போல ஒன்றாகிவிடும் டேப்பைச் சுற்றுங்கள், சாதாரண எலக்ட்ரிக்கல் டேப் ஒரு கோடை தாங்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு சேரும், அவர்கள் இதில் கொஞ்சமும் அசட்டையாக இருக்கக் கூடாது.

கம்பிக்கு வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் பிவிசி வயரே போதும், ஹாம் ஆன்டெனா வயர் என்று தனியாக விலை கொடுத்து வாங்கத் தேவையே இல்லை. சாம்பல் நிறம் வாங்குங்கள், வானத்தோடு கலந்துவிடும். மேலே உறை இருப்பதால் கணக்கில் வரும் நீளத்தைவிட மூன்று நான்கு சதவீதம் குறைவாகவே ட்யூன் ஆகும், ஆனால் முதலில் நீளமாகவே விட்டு, அளந்து அளந்து முனையில் மடித்துக்கொண்டு வரலாம், வெட்ட வேண்டாம். என்னிடம் இருக்கும் பதினைந்து மீட்டரில் 20 மீட்டர் கம்பியை எப்படிப் போடுவது? மடிக்கலாம். அரை அலைக் கம்பியில் மின்னோட்டம் அதிகமாக ஓடுவது நடுப்பகுதியில், அதனால் நடுப்பகுதி நேராக, உயரமாக, வெட்டவெளியில் இருக்க வேண்டும். கடைசி நான்கைந்து மீட்டர் பக்கவாட்டில் திரும்பினாலும், கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே தொங்கினாலும், 40 மீட்டரில் இழப்பு பெரிதாக இல்லை. மேல் பேண்டுகளில் எந்தத் திசை நன்றாகப் போகிறது என்பது மாறும். 10 மீட்டர் பேண்டில் அதே கம்பி இரண்டு அலை நீளம், பூ இதழ் போல நாலைந்து திசையில் பிரிந்து போகும், இடையில் ஓட்டைகளும் இருக்கும். மடிப்பு அந்த ஓட்டைகளை ஓரளவு நிரப்பிவிடுகிறது என்பது என் அனுபவம்.

உயரம் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நான்காவது மாடிக்கு மேலே இருக்கிறோம், அதுவே 13 மீட்டர் உயரம், போதும் என்று நினைத்துக் கம்பியை மொட்டை மாடித் தரைக்கு ஒரு மீட்டர் மேலே கட்டிவிடுகிறார்கள். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வலையே இருக்கிறது, ஆன்டெனாவுக்கு அதுதான் தரை. கம்பி அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு பவர் கட்டடத்துக்குள் போய்ச் சூடாகும். நான் கட்டட வேலைக்காரர்கள் சாரத்துக்குப் பயன்படுத்தும் சவுக்குக் கம்பு இரண்டை வாங்கி, ஒன்றை லிஃப்ட் அறைச் சுவரோடும் மற்றொன்றைத் தொட்டித் தூணோடும் கட்டினேன். இரும்பு பைப்பைவிட இது நல்லது, மின்சாரம் கடத்தாது, எடை குறைவு, விலையும் குறைவு. தரையிலிருந்து நான்கு மீட்டர் உயர்ந்ததும் பெங்களூரு, ஹைதராபாத் நிலையங்கள் என்னைக் கேட்பதில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 100 வாட் போகும்போது பெட்டியின் முனையிலேயே ஏறக்குறைய 500 வோல்ட் ஆர்எஃப் இருக்கும், கம்பியின் மறுமுனையிலும் அதே மாதிரி. மொட்டை மாடியில் இழுத்துக் கட்டிய கம்பியைப் பார்த்தால் யாருக்கும் துணி காயப்போடத்தான் தோன்றும். கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுவது உங்கள் பொறுப்பு. ஈபி கம்பி போகும் பக்கம் தயவுசெய்து எதையும் இழுக்காதீர்கள், கயிறு அறுந்தால்கூடக் கம்பி அதன் மேல் விழாத திசையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பதினைந்து மீட்டர்கூட இல்லை, பத்து பன்னிரண்டுதான் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 20 மீட்டர் பேண்டுக்கான 10 மீட்டர் கம்பி, அதன் முனையில் 34 மைக்ரோஹென்றி காயில், அதற்கு அப்பால் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான வால். மொத்தம் 12 மீட்டருக்குள் 40, 20, 10 மூன்றும் கிடைக்கும். காயிலை அரை இஞ்சு பிவிசி பைப்பில் நீங்களே சுற்றலாம். 40 மீட்டரில் பேண்ட் அகலம் குறுகிவிடும், காலை நெட்டுக்கு (குறித்த நேரத்தில் பல ஹாம்கள் கூடிப் பேசுவது) ஓர் இடத்தில் ட்யூன் செய்துவிட்டு அங்கேயே இருப்பவர்களுக்குச் சரி.

இப்போது ஃபெரைட்டுக்கு வருகிறேன், பெட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சொல்லாமல் விடுவது இதைத்தான். எந்த ஆன்டெனாவுக்கும் இரண்டு கால் வேண்டும். எண்ட்ஃபெட்டில் ஒரு கால்தான் கண்ணுக்குத் தெரிகிறது, இன்னொரு கால் உங்கள் கேபிளின் வெளிப்பின்னல். அது மூன்றாவது மாடி வரை இறங்கி, ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து, ரிக் வழியாக கம்ப்யூட்டர், பவர் சப்ளை, வீட்டு எர்த் வரை ஆன்டெனாவாகவே நடந்துகொள்ளும். விளைவு எப்படி இருக்கும் என்றால், ஆடியோவில் கரகரப்பு, யுஎஸ்பி துண்டித்துக்கொள்வது, இன்டர்நெட் ரவுட்டர் நின்று போவது, பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு நம் பேச்சுக்கு ஏற்ப மினுக்குவது. இன்னும் மோசமானது எதிர்த்திசையில் நடப்பது. வீட்டில் இருக்கும் அத்தனை சார்ஜர்களின் இரைச்சலும் அதே கேபிள் வெளிப்பின்னல் வழியாக ஆன்டெனாவுக்கு ஏறி, பிறகு ரிசீவருக்கு வந்து சேரும். பெட்டியிலிருந்து இரண்டு மீட்டர் கேபிள் தள்ளி ஒரு சோக், வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக் போட்டேன். எஃப்டி240-31 வளையத்தில் மெல்லிய கோஆக்ஸ் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றியதுதான் சோக். 40 மீட்டரில் ரிசீவரின் சிக்னல் மீட்டரில் எஸ்-7 என்று நின்றுகொண்டிருந்த இரைச்சல் எஸ்-5-க்கு இறங்கியது. ஆன்டெனாவில் ஒரு மாற்றமும் இல்லை. முன்பு கேட்காத நிலையங்கள் கேட்டன. பெட்டிக்குக் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்குகூட இந்த இரண்டு வளையங்களுக்கு ஆகவில்லை.

வளையம் வாங்கும்போது கவனம். ரிச்சி தெருவில் கேபிள், கனெக்டர், ப்ளக் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஃபெரைட் வளையங்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி சாம்பல் நிறம், கலவை எண் மேலே எழுதியிருக்காது. இன்வெர்ட்டருக்கான கலவை ஹெச்எஃப்-க்கு உதவாது. எண்ணைச் சொல்லி விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள், கூடுதலாகக் கேட்டாலும் பரவாயில்லை.

மேக்னெடிக் லூப்பைப் பற்றி ஆசையோடுதான் ஆரம்பித்தேன். ஒரு மீட்டர் விட்டமுள்ள செப்பு வளையம், மேலே ஒரு மாறும் கெப்பாசிட்டர், உள்ளே ஊட்டம் கொடுக்கும் சின்ன வளையம். பால்கனிக்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். மொட்டை மாடி அனுமதி வேண்டாம், கம்பம் வேண்டாம். நண்பர் ஒருவருடைய கடையில் வாங்கிய லூப்பைச் சில மாதம் வைத்திருந்தேன், பிறகு ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் முக்கால் இஞ்சு காப்பர் பைப்பில் நானே ஒன்று செய்தேன். 20 மீட்டரிலும் அதற்கு மேலும் இது உண்மையிலேயே நல்ல ஆன்டெனா. 14 மெகாஹெர்ட்ஸில் நல்ல தடிமனான செப்பு வளையம் கொடுக்கும் பவரில் பாதிக்கும் மேல் வெளியே அனுப்பும். அதைத் திருப்பி நிறுத்தினால் ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் இரைச்சலை அப்படியே அமுக்கிவிடும். எங்கள் லிஃப்ட் மோட்டார் கண்ட்ரோலர் போடும் இரைச்சலை நான் லூப்பைக் கொஞ்சம் திருப்பியே காணாமல் போகச் செய்தேன், கம்பியில் அது முடியாது.

40 மீட்டர்தான் பிரச்சினை. ஒரு மீட்டர் வளையத்தின் கதிர்வீச்சுத் தடை (பவரை அலையாக வெளியே அனுப்பும் பங்கு) 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஓமின் ஆயிரத்தில் ஆறு பங்குதான் வரும். அந்தச் செப்புப் பைப்பின் சொந்தத் தடையே அதைப்போல ஐந்தாறு மடங்கு. செப்பை மட்டும் கணக்கில் எடுத்தாலே 100 வாட்டில் பதினைந்து பதினாறு வாட்தான் காற்றுக்குப் போகும், கெப்பாசிட்டரும் இணைப்புகளும் தின்பது போக பத்துக்கும் கீழே இறங்கலாம். அதிர்வெண் பாதியாகும்போது கதிர்வீச்சுத் தடை பதினாறில் ஒன்றாகிவிடுகிறது, எந்த பிராண்டாலும் இதை மாற்ற முடியாது. 80 முதல் 10 வரை எல்லா பேண்டும் ஒரே லூப்பில் என்று விளம்பரம் வந்தால், ட்யூன் ஆகும் என்றுதான் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்துவதும் அவ்வளவு எளிதில்லை. 40 மீட்டரில் பேண்ட் அகலம் சில கிலோஹெர்ட்ஸ்தான், டயலைக் கொஞ்சம் திருப்பினாலே மறுபடி ட்யூன் செய்ய வேண்டும், பால்கனிக்கு எழுந்து போய்க் கையால் திருப்பும் வகை என்றால் நெட்டில் பேசுவதே சலித்துவிடும். மோட்டார் வைத்தது வாங்கினால் விலை அரை லட்சத்தைத் தாண்டும். பல பேர் வீட்டில் இருந்த எம்எஃப்ஜே லூப்களைத் தயாரித்த எம்எஃப்ஜே நிறுவனம் 2024 மே மாதத்தோடு தன் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்திவிட்டது, பழையது கையில் கிடைத்தால் மோட்டாரும் கண்ட்ரோல் பெட்டியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் பாதுகாப்பு. 20 மீட்டரில் 100 வாட் போகும்போது கெப்பாசிட்டரின் குறுக்கே பல ஆயிரம் வோல்ட் நிற்கும், வளையத்தில் இருபது ஆம்பியருக்கு மேல் ஓடும். வளையத்துக்குப் பக்கத்தில் காந்தப்புலம் பலமாக இருக்கும். மூன்று மீட்டர் பால்கனியில் வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தையின் கட்டில் இருந்தால் 100 வாட் விடாதீர்கள். ஹைதராபாத்திலிருந்து வரும் அஷர் ஃபர்ஹானின் மியூபிட்எக்ஸ் மாதிரி 10 வாட் ரிக் வைத்திருப்பவர்களுக்கு லூப் நல்ல ஜோடி. வோல்டேஜும் குறையும், சாதாரணக் காற்று கெப்பாசிட்டரே தாங்கும்.

குச்சி ஆன்டெனாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், 40 மீட்டருக்கு என்றால் கண்டிப்பாக வேண்டாம். காருக்காகச் செய்த இரண்டே கால் மீட்டர் ஃபைபர் குச்சி, அதில் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய கம்பி, மேலே ஸ்டீல் முனை. கிரில்லில் மாட்டினால் கிரில்தான் தரை, கட்டடத்தின் இரும்புதான் எதிர்க்கால். எஸ்டபிள்யூஆர் அழகாக 1.3 காட்டும், விற்பவர்கள் அதையே படமெடுத்துப் போடுகிறார்கள். சோதனைக்காக ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடும் 1:1 காட்டும், அதிலிருந்து எதுவும் வெளியே போகாது. பவர் திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் எஸ்டபிள்யூஆர் சொல்லும், காற்றுக்குப் போனதா, காயிலைச் சூடாக்கியதா என்று சொல்லாது. கையளவு நானோவிஎன்ஏ கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது, ட்யூன் செய்ய அதைவிட உதவியானது கிடையாது, ஆனால் ஆன்டெனா எவ்வளவு தூரம் போகிறது என்பதை அதுவும் காட்டாது. அதற்கு விஸ்பர் என்ற டிஜிட்டல் சோதனை முறையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஓர் ஆன்டெனா, அடுத்த இரண்டு நிமிடத்துக்கு இன்னொன்று என்று மாற்றி மாற்றி ஒரே பவரில் அனுப்பினால், உலகம் முழுக்க இருக்கும் ரிசீவர்கள் எத்தனை டெசிபலில் கேட்டன என்று இணையத்தில் வந்து நிற்கும். ஒரே மாலையில் கம்பிக்கும் குச்சிக்கும் 40 மீட்டரில் பதினைந்து டெசிபல் வித்தியாசத்தை அதில் பார்த்தேன். லூப் இரண்டுக்கும் நடுவில். 20 மீட்டரில் லூப்பும் கம்பியும் கிட்டத்தட்ட சமம், சில திசைகளில் லூப் முந்தியது.

பால்கனி மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. நீளத்தைச் சுருக்குவதற்குப் பதில் பேண்டை மாற்றுங்கள். 10 மீட்டர் பேண்டில் கால் அலை என்பது இரண்டரை மீட்டர். காயில் இல்லாத, முழு அளவு செங்குத்து ஆன்டெனா உங்கள் பால்கனியிலேயே அடங்கும். ஒரு ஃபைபர் தூண்டில் கம்பில் இரண்டரை மீட்டர் வயரைச் சுற்றாமல் நேராக ஓட்டி, பால்கனிக்கு வெளியே சாய்த்து மாட்டி, அதே நீளத்தில் இரண்டு மூன்று வயரைக் கைப்பிடி ஓரமாக ஓட்டினால் முடிந்தது. செலவு ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசு. தென் தமிழ்நாடு பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது, 1963-இல் முதல் ராக்கெட் கிளம்பிய, கேரளத்தின் தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு இருபுறமும், ஹெச்எஃப் அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் அடர்த்தியாக இருப்பதால் நமக்கு மேல் பேண்டுகள் ஐரோப்பியர்களுக்கு மூடிய பிறகும் திறந்திருக்கும். இப்போதைய சூரியச் சுழற்சி 2024-இல் உச்சத்தைத் தொட்டது, இறங்கிக்கொண்டு வந்தாலும் 10 மீட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மேற்கே ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் கிடைக்கும்.

மேற்குப் பார்த்த பால்கனி உள்ளவர்கள் ஹாம்களுக்கான வசதி உள்ள க்யூஓ-100 செயற்கைக்கோளையும் யோசிக்கலாம். 25.9 டிகிரி கிழக்கில் நிற்கிறது, சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 27 டிகிரி உயரம். எதிரே உயரமான கட்டடம் இல்லாவிட்டால் ஒரு டிடிஹெச் குடையை வைத்துக் கேட்க ஆரம்பிக்கலாம். 2 மீட்டர் பேண்டுக்கு 300 ஓம் டிவி ரிப்பனில் செய்யும் சுருட்டி வைக்கக்கூடிய ஸ்லிம் ஜிம் ஆன்டெனா போதும், ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வேலை முடிந்ததும் சுருட்டிப் பையில் போடலாம். ஆனால் அங்கே கேபிள் முக்கியம். மெல்லிய ஆர்ஜி-58 இருபது மீட்டர் ஓட்டினால் 144 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் பவர் கேபிளிலேயே போய்விடும். ஹெச்எஃப்-இல் அதே கேபிளால் பெரிய நஷ்டமில்லை.

அசோசியேஷன் விஷயம் பலரைத் தயங்க வைக்கிறது. எங்கள் செயலாளர் முதலில் கேட்டது, "சார், இது செல்போன் டவரா? மேல்வீட்டுல கர்ப்பிணிப் பொண்ணு இருக்குது." நான் அவரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்க் கம்பியைக் காட்டினேன், லைசென்ஸைக் காட்டினேன், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு கொடுப்பது அது, நம் வீட்டு முகவரியும் அதில் இருக்கிறது. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் அமெச்சூர் ரேடியோ பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத் குழுவினர் அங்கிருந்தே ஹெச்எஃப்-இல் செய்தி அனுப்பியதையும் சொன்னேன். அவருக்கு அது பிடித்தது, வேளச்சேரி வெள்ளத்தை 2015-இல் பார்த்தவர், செல்போன் செத்துப்போவது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு நிபந்தனை வைத்தார். துணி காயப்போடும் இடத்துக்கு மேல் கம்பி போகக்கூடாது, வெள்ளையடிக்கும்போது கழற்றித் தர வேண்டும். இரண்டும் நியாயம்தான். யாரிடமும் சொல்லாமல் ராத்திரியில் கட்டுவதைவிட இது நூறு மடங்கு நிம்மதி, கம்பி அறுந்தால் செயலாளரே போன் செய்கிறார்.

இடிமின்னல் நாட்களில் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் பேசி முடித்ததும் கழற்றுவதையே வழக்கமாக்கிக்கொண்டேன். நைலான் கயிறு வெயிலில் உளுத்துப்போகும், பருவமழைக்கு முன் ஒரு முறை இழுத்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, எதை வாங்கட்டும் என்று கேட்டால்: முதலில் 31 கலவை வளையம் இரண்டு, அடுத்து நானோவிஎன்ஏ, அடுத்து 43 கலவை வளையம் ஒன்று வாங்கி 49:1 பெட்டியை நீங்களே சுற்றுங்கள், சாயங்கால வேலைதான். சால்டரிங் வராது என்றால் பெட்டியை விலைக்கு வாங்கலாம், மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். மிச்சக் காசுக்குச் சவுக்குக் கம்பும் வயரும். லூப் வாங்கும் எண்ணம் இருந்தால் 20 மீட்டருக்கு மேலே போகிறவராக, மொட்டை மாடி இல்லாதவராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். குச்சிக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல கோஆக்ஸ் கேபிள் வாங்கிக்கொள்ளலாம்.